தீனபந்து மித்ரா

தீனபந்து மித்ரா (1830 அளவில் – நவம்பர் 1, 1873) பிரித்தானிய இந்தியாவின் அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்த வங்காளி அதிகாரியும், 19ஆம் நூற்றாண்டு வங்காள நாடக ஆசிரியர்களுள் முதன்மையானவரும் ஆவார். அவுரி பயிரிடுமாறு வங்காளக் குடியானவர்களைக் கட்டாயப்படுத்திய ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டும் 'நீல தர்ப்பணம்' (அவுரியின் கண்ணாடி என்பது பொருள்) என்னும் நாடகத்தை 1860இல் தம் பெயரை வெளியிடாமல் எழுதினார். அப்பொழுது அவர் அரசு ஊழியர். பட்னா, ஒரிசா, நதியா, டாக்கா எனப் பதினெட்டு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிய அஞ்சல் பணியே அவருடைய எழுத்துக்குப் பொருளைத் தந்தது. அவருடைய உடல்நலத்தைக் கெடுத்ததும் அதே பணிதான் என்று அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான பங்கிம் சந்திர சட்டர்ஜி கருதினார்.

பிறப்பும் இளமையும்

தீனபந்து அன்றைய நதியா மாவட்டத்தைச் சேர்ந்த சௌபேரியா என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று மேற்கு வங்காளத்தின் வடக்கு 24 பர்கனா மாவட்டத்தில் உள்ளது. யமுனை என்னும் சிற்றாறு (தில்லி வழியாகப் பாயும் யமுனை அன்று) ஊரை ஏறக்குறைய நாற்புறமும் சூழ்ந்திருந்தமையால் இப்பெயர் வந்தது. பிறந்த ஆண்டு குறித்து நூல்கள் வேறுபடுகின்றன. 1829, 1830, 1831 ஆகிய மூன்றும் சொல்லப்படுகின்றன.

தந்தையார் காலாசந்த் மித்ரா வசதி குறைந்தவர். மகனுக்கு அவர் இட்ட பெயர் கந்தர்வ நாராயணன் என்பதாகும். ஊர்ப் பாடசாலையில் எழுத்தும் கணக்கும் கற்றவுடன் ஒரு ஜமீன்தாரின் கணக்கலுவலகத்தில் சிறுவனை வேலைக்கு அமர்த்தினார் தந்தை. அன்றைய வங்காளச் சிற்றூர்களில் இது வழக்கமான ஏற்பாடே. ஆனால் மகன் அவ்வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓடிப்போனார். அங்கே உறவினரான நீலமணி மித்ராவின் வீட்டில் வீட்டுவேலைகளைச் செய்துகொண்டு படிப்பதற்கு வழி தேடினார்.

1846 அளவில் ஜேம்ஸ் லாங் என்னும் அயர்லாந்துப் பாதிரியார் நடத்திய இலவசப் பள்ளியில் சேர்ந்தார். பழைய பெயரின் முற்பகுதியான 'கந்த' என்பது நாற்றம் என்னும் பொருளும் தரும். உடன் படித்த சிறுவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்யவே, 'எளியோரின் உறவினன்' எனப் பொருள்படும் தீனபந்து என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார் எனப்படுகிறது. பின்னர் கொலுட்டோலா கிளைப் பள்ளியிலும், 1850 முதல் இந்து கல்லூரியிலும் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். கவிஞர் ஈசுவர சந்திர குப்தர் நடத்திய 'சம்பாத் பிரபாகர்' இதழில் மாணவர்களின் செய்யுள்கள் வெளிவந்துகொண்டிருந்தன. தீனபந்துவும் பங்கிம் சந்திரரும் எழுத்துலகிற்கு அறிமுகமானது அவ்விதழ் வழியாகத்தான். இறுதித் தேர்வை எழுதாமலே 1855இல் கல்லூரியை விட்டு வெளியேறி, மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் பட்னாவின் அஞ்சலக அதிகாரியாகப் பணியேற்றார்.

அஞ்சல் துறையின் அன்றைய நிலை

தீனபந்து சேர்ந்த துறை அப்பொழுதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னர் கடிதக் கட்டணம் தொலைவைப் பொறுத்து அமைந்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் ஒரு தோலா எடையுள்ள கடிதத்திற்கு ஒரு ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு கூலியாளின் பல நாள் வருவாய்க்கு அது ஈடாகும் என்பதால், கடிதம் எழுதுவது வணிகர்க்கும் அதிகாரிகளுக்குமே உரியதாக இருந்தது. 1854ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் இந்நிலையை மாற்றியது. நாடு முழுவதும் ஒரே டைரக்டர் ஜெனரலின் கீழ் வந்தது. கால் தோலா எடைக்கு உட்பட்ட கடிதம் இந்தியாவின் எந்த ஊருக்குச் சென்றாலும் அரை அணா என்று வரையறுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் அஞ்சல்தலைகள் நாடெங்கும் புழக்கத்திற்கு வந்தன.

கட்டணத்தைக் குறைப்பது எளிது. கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதே கடினம். 1855இல் வங்காளத்தில் இரயில் பாதை கல்கத்தாவை ஒட்டிய ஒரு தடத்தில் மட்டுமே ஓடியது. மற்ற இடங்களுக்கெல்லாம் தோளில் பையும் கையில் ஈட்டியும் சலங்கையும் கொண்ட ஓட்டக்காரர்களே கடிதங்களைச் சுமந்தனர். ஆறுகள் நிறைந்த கீழை வங்காளத்தில் படகுகளும் பயன்பட்டன. ஒரு குறிப்பிட்ட தொலைவு ஓடியபின் அடுத்த ஓட்டக்காரர் பையை வாங்கிக்கொண்டு ஓடுவார். இவ்வாறு பல நூறு கைகள் மாறிச் செல்லும் பையில் எங்கே தாமதம் நேர்ந்தது, எங்கே கடிதம் தொலைந்தது, எந்த அஞ்சலகத்தில் கணக்கு பொருந்தவில்லை என்பதையெல்லாம் நேரில் சென்று ஆய்வதற்கு 'இன்ஸ்பெக்டிங் போஸ்ட்மாஸ்டர்' என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டிருந்தது. பட்னாவில் திறமையாகப் பணியாற்றிய தீனபந்துவுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் ஒரிசா கோட்டத்தின் இப்பதவி கிடைத்தது.

ஒரு ஊரில் ஒரு நாள், மற்றோர் ஊரில் இரண்டு நாள் என ஆண்டு முழுவதும் பயணத்திலேயே கழிக்க வேண்டிய வேலை இது. ஒரிசாவிலிருந்து நதியாவுக்கும், அங்கிருந்து டாக்காவுக்கும், பின்னர் மீண்டும் இதே கோட்டங்களுக்கும் தீனபந்து மாற்றப்பட்டார். இரும்பால் செய்த உடலும் இதில் தேய்ந்துவிடும் என்னும் கருத்தில் பங்கிம் சந்திரர் இப்பணிமுறையைக் கடிந்து எழுதியுள்ளார். இதே பயணங்களால் விளைந்த நன்மையையும் அவரே எடுத்துக்காட்டுகிறார். நகரத்திலேயே வாழ்ந்த மற்ற எழுத்தாளர்களுக்கு வாய்க்காத ஒன்று தீனபந்துவுக்கு வாய்த்தது. உழவர், படகோட்டி, வேலைக்காரி, தோட்ட முதலாளியின் கையாள், ஜமீன்தார், குடிகாரப் பட்டதாரி என எல்லா வகையினரையும் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். அவரவர் பேச்சை அப்படியே காதில் வாங்கினார்.

அவுரிக் கிளர்ச்சி

நதியாவும் அதை அடுத்த ஜெசோரும் அவுரித் தோட்டங்களின் நடுநாயகமாக விளங்கிய மாவட்டங்கள். துணிக்கு நீலச் சாயம் ஏற்ற உதவும் அவுரிக்கு ஐரோப்பாவில் நல்ல விலை கிடைத்தது. ஆனால் பயிரிட்ட வங்காளக் குடியானவருக்கு அதனால் இழப்பே மிஞ்சியது. தோட்ட முதலாளி 'தாதன்' எனப்படும் முன்பணமாகப் பீகாவுக்குச் சுமார் இரண்டு ரூபாய் கொடுத்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்குவார். விளைந்த செடிக்கு அவர் போடும் விலை அம்முன்பணத்தைக்கூட அடைக்காது. மீதிக் கடன் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். தந்தையின் கடன் மகனுக்கு வரும். நெல் விளையும் நல்ல நிலத்தில் அவுரியை விதைக்க மறுத்தவர்களை முதலாளியின் தடியர்கள் அடித்துக் கிடங்கில் அடைத்தனர்.

1859இல் நதியா மாவட்டத்தில் குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தனர். சௌகாச்சா என்னும் ஊரைச் சேர்ந்த விஷ்ணுசரண் விசுவாஸ், திகம்பர் விசுவாஸ் ஆகியோர் இதில் முன்னின்றனர். கல்கத்தாவில் 'இந்து பேட்ரியட்' இதழின் ஆசிரியர் அரீஷ் சந்திர முகர்ஜி குடியானவர்களுக்காக விடாது எழுதினார். 1860இல் அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. வங்காள அரசின் செயலாளரான சீட்டன்கார் என்பவர் அதன் தலைவர்.

இக்காலத்தில் தீனபந்து நதியாவிலும் டாக்காவிலும் பணியாற்றினார். விசாரணைக் குழுவின் முன் சாட்சியமாக வந்தவற்றுள் பெரும்பகுதியை அவர் தம் பயணங்களில் முன்பே கண்டும் கேட்டும் அறிந்திருந்தார்.

நீல தர்ப்பணம்

நாடகம் 1860இல் டாக்காவில் அச்சிடப்பட்டது. சுவராபூர் என்னும் ஊரில் வசதியாக வாழும் கோலோக் சந்திர பாசு குடும்பத்தின் அழிவே அதன் கதை. பொய் வழக்கில் சிறை சென்ற குடும்பத் தலைவர் அங்கே தூக்கிட்டு இறக்கிறார். குடியானவர்களுக்குத் துணை நின்ற மூத்த மகன் நவீன் மாதவ் தோட்ட முதலாளியின் ஆட்களால் தாக்கப்பட்டு மடிகிறார். தாய் சித்தம் கலங்கி, தன் இளைய மருமகளைத் தானே கொன்றுவிடுகிறாள். அவல நிகழ்ச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது நாடகத்தின் குறை என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. மேல்சாதிக் குடும்பத்தினர் பேசும் வடமொழி கலந்த நடை இன்று செயற்கையாகவே படுகிறது. ஆனால் தோராப் என்னும் முசுலிம் உழவனும், ஆதுரி என்னும் வேலைக்காரியும் தம் வட்டார வழக்கில் பேசத் தொடங்கியவுடன் நாடகம் உயிர் பெறுகிறது. இப்பேச்சு நாகரிகமற்றது என்று அக்காலத்தில் குறைகூறியவர்களுக்கு, அவ்வாறு பேசாவிட்டால் தோராப் தோராப்பாக இரான் என்பதே பங்கிம் சந்திரரின் விடையாக இருந்தது.

தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. அதற்கு மாறாக, தோட்ட முதலாளிகள் என்னும் நச்சுப்பாம்பு தீண்டி வருந்தும் குடிகளின் நலம் நாடும் வழிப்போக்கன் ஒருவன் இயற்றியது என்னும் பொருள்பட ஒரு வடமொழித் தொடர் மட்டும் இருந்தது. ஆண்டு முழுவதும் பயணத்தில் இருந்த அதிகாரிக்கு 'வழிப்போக்கன்' என்பது பொருத்தமான மறைபெயரே. பெயரை மறைத்ததற்குக் காரணம் வெளிப்படை. அரசு ஊதியம் பெறுபவர் அவர்; பணியின் பொருட்டு நாள்தோறும் பழக வேண்டிய ஐரோப்பியர் பலர் தோட்ட முதலாளிகளின் நண்பர்கள். எனினும் ஆசிரியர் யார் என்பது வங்காளிகளிடையே விரைவில் தெரிந்துவிட்டது. மறைத்து வைக்கும் இயல்பு தீனபந்துவிடம் இல்லை என்கிறார் பங்கிம் சந்திரர்.

நாடகத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் அவர் பதிவு செய்துள்ளார். அகன்ற மேகனா ஆற்றைத் தீனபந்து படகில் கடந்தபோது படகினுள் நீர் புகுந்து அது மூழ்கத் தொடங்கியது. அவர் கையெழுத்துப் படியைக் கையில் பிடித்தவாறு அசையாமல் அமர்ந்திருந்தார். அதற்குள் நீரில் இருந்த ஒருவரின் கால் தரையில் பட்டதால், அருகில் மணல்திட்டு இருப்பது தெரிந்து அனைவரும் உயிர் தப்பினர்.

அரசு உறையில் சென்ற நூல்

1861இல் இந்நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் என்று பங்கிம் சந்திரர் எழுதியுள்ளார். பிற்கால ஆய்வாளர் சிலர் இதை ஏற்பதில்லை. முன்னுரை எழுதி வெளியீட்டுக்கு ஏற்பாடு செய்தவர் ஜேம்ஸ் லாங், அதாவது தீனபந்துவின் பழைய பள்ளியை நடத்திய அதே பாதிரியார். அச்சிடும் பணிக்குச் செயலாளர் சீட்டன்காரின் ஆதரவு இருந்தது. அச்சான 500 படிகளில் ஏறத்தாழ 200 படிகள் அரசுப் பணிக்குரிய முத்திரையிட்ட உறைகளில் அஞ்சல்வழி அனுப்பப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இங்கிலாந்திலுள்ள முக்கியமானவர்களுக்குச் சென்றன.

தோட்ட முதலாளிகளின் சினத்தைக் கிளறியது நாடகத்தைவிட இந்த உறைகளே எனலாம். தனியார் ஒருவர் எழுதிய வசைநூலை அரசு தன் செலவில் பரப்புகிறது என்று அவர்கள் கூக்குரலிட்டனர். துணைநிலை ஆளுநர் ஜான் பீட்டர் கிராண்ட், சில படிகளை அச்சிடுவது மட்டுமே தமக்குத் தெரியும் என்றும், அரசு உறையில் அனுப்பியது தமக்குத் தெரியாமல் நடந்தது என்றும் விளக்கமளித்தார். அஞ்சல் அதிகாரி ஒருவர் பெயரின்றி எழுதிய நாடகம், அஞ்சல் கட்டணமில்லா அரசு உறையினால் வழக்குமன்றம் ஏறியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

முதலில் அச்சகத்தார் மீது வழக்குத் தொடரப்பட்டது. லாங்கின் பெயரை வெளியிட்ட அவர் பத்து ரூபாய் தண்டத்துடன் தப்பினார். அடுத்து லாங் மீது அவதூறு வழக்கு. ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு இரண்டு ஆங்கில நாளிதழ்களின் ஆசிரியர்கள் தோட்ட முதலாளிகளைப் புகழ்கின்றனர் என்று நாடகத்தின் முகவுரையில் இருந்த குறிப்பே வழக்குக்கு அடிப்படையாயிற்று. பிறர் பெயரைச் சொல்லித் தப்பிக்க முயலாமல் லாங் பொறுப்பைத் தாமே ஏற்றார். நீதிபதி மோர்டான்ட் வெல்சு 1861 சூலை 24 அன்று அவருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் தண்டமும் விதித்தார். வழக்குமன்றத்தில் இருந்த காளி பிரசன்ன சிங்கர் என்னும் இளம் செல்வந்தர் தண்டத்தொகையை அங்கேயே செலுத்தினார். அவர் மகாபாரதத்தை வங்காள உரைநடையில் வெளியிட்டவர். சீட்டன்கார் செயலாளர் பதவியை இழந்தார், ஆயினும் பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியானார்.

நூலை எழுதியவர் மீது எந்த வழக்கும் தொடரப்படவில்லை. தீனபந்து தம் பணியில் தொடர்ந்தார்.

குடும்பம்

பணியில் சேர்ந்தபின் திருமணம் செய்துகொண்ட தீனபந்துவின் இல்லறம் இனிதாக அமைந்தது. கணவன் மனைவியரிடையே சண்டை என்பதே நிகழ்ந்ததில்லையாம். ஒரு முறையாவது சண்டையிட்டுப் பார்ப்பது என்று தீனபந்து உறுதி பூண்டதாகவும், அம்முயற்சி சிரிப்பில் முடிந்து தோற்றதாகவும் பங்கிம் சந்திரர் எழுதுகிறார். முதலில் சிரித்தவர் கணவரா, அல்லது அவருடைய கோபத்தை மனைவி கேலி செய்து கலைத்தாரா என்பது தமக்கு மறந்துவிட்டது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். தம்பதியருக்கு எட்டு மக்கள். பல ஊர்களுக்கு மாற்றப்பட்ட தீனபந்து, நதியாவின் தலைநகரான கிருஷ்ணநகரில் ஒரு வீடு வாங்கி நெடுங்காலம் அங்கே வாழ்ந்தார்.

வீட்டையும் திருமணத்தையும் சுற்றியே அவருடைய பிற்கால நாடகங்கள் அமைந்தன. கிழவனின் கலியாணப் பித்தைக் கேலி செய்வது 'பியே பாக்லா புரோ' (1866). வீட்டோடு மாப்பிள்ளைகளாக வந்து படைவீரர்போல் ஒரே கொட்டகையில் தங்கியிருக்கும் மருமகன்களைப் பற்றியது 'ஜாமாய் பாரிக்' (1872). ஆங்கிலக் கல்வியும் மதுவும் சேர்ந்து கெடுத்த இளைஞனைக் காட்டும் 'சதவார் ஏகாதசி' (1866) இவற்றுள் சிறந்ததாகக் கருதப்படுகிறது. அச்சத்தையும் கண்ணீரையும் எழுதிய கைக்கு நகைச்சுவையே இயல்பானது என்பதை இவை காட்டுகின்றன. 'நவீன் தபஸ்வினி' (1863), 'லீலாவதி' (1867), 'கமலே காமினி' (1873) ஆகியனவும் அவர் எழுதியவையே. பங்கிம் சந்திரர் தம் 'மிருணாளினி' புதினத்தை இவருக்குக் காணிக்கையாக்கினார்.

இறுதிக் காலம்

1870 அளவில் தீனபந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டு, வங்காளப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்கு உதவியாகப் பணியாற்றினார். 1871இல் வடகிழக்கு எல்லையில் லுசாய் மலைமக்கள் மீது அரசு படையெடுத்தபோது, படைக்கான அஞ்சல் ஏற்பாட்டைச் செய்யக் கச்சாருக்கு அனுப்பப்பட்டார். சாலையற்ற காட்டுப் பகுதியில் இவ்வேலையை நன்கு முடித்ததற்காக 'ராய் பகதூர்' பட்டம் கிடைத்தது. பதவி உயர்வு கிடைக்கவில்லை. வங்காளியாகப் பிறந்திராவிட்டால் இறப்பதற்குப் பல நாள் முன்பே அவர் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாகவும், காலப்போக்கில் டைரக்டர் ஜெனரலாகவும் ஆகியிருப்பார் என்பது பங்கிம் சந்திரரின் கணிப்பு. பங்கிம் சந்திரரும் அன்று அரசு ஊழியர் என்பதை நினைவிற் கொண்டால் இச்சொற்களின் துணிவு விளங்கும்.

உயர்வுக்கு மாறாக இறக்கமே வந்தது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்கும் டைரக்டர் ஜெனரலுக்கும் இடையே பகை மூண்டது. முன்னவருக்கு உதவியாக இருந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத தீனபந்து கல்கத்தா அலுவலகத்திலிருந்து அகற்றப்பட்டு, முதலில் இரயில்வே தொடர்பான பணிக்கும், பின்னர் ஹௌரா கோட்டத்திற்கும் அனுப்பப்பட்டார். அதற்குள் நீரிழிவு நோய் முற்றியிருந்தது. உடலில் அடுத்தடுத்துக் கட்டிகள் தோன்றின. கடைசியாகப் பாதத்தில் ஒன்று வந்தபோது, கட்டிகூடத் தம் காலில் வந்து விழுந்துவிட்டதாகச் சிலேடையாகச் சொல்லிச் சிரித்தாராம். 1873 நவம்பர் 1 அன்று, ஏறத்தாழ 43 வயதில் காலமானார்.

இறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 1872 டிசம்பர் 7 அன்று, கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் 'நேஷனல் தியேட்டர்' என்னும் குழு தொடங்கப்பட்டது. பொதுமக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் நிலையான நாடக அரங்கு வங்காளிகளுக்கு அமைந்தது அதுவே முதன்முறை. அக்குழு முதல் நாளில் நடித்த நாடகம் நீல தர்ப்பணம். 1875இல் இலக்னோவில் இதே நாடகம் நடந்தபோது, தோட்ட முதலாளியைத் தோராப் தாக்கும் காட்சியில் அவையிலிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் மேடையேறியதால் நாடகம் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டே நாடகங்களைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது; அதற்கு உடனடிக் காரணம் வேறு நாடகங்கள்.

தீனபந்துவின் மக்களுள் லலித் சந்திர மித்ரா வங்காள அவுரிக் கிளர்ச்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். தந்தை தம் பெயரை வெளியிட முடியாதிருந்த அந்நாடகத்தின் வழக்கு விவரமும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது.